கண்ணாடிக்குப் பின்னால் என் கையெழுத்து

விடுதியின் வரவேற்பு மேசையில் நான் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். விவேக் நகரிலிருந்து காலை ஏழு பத்துக்குப் பேருந்து ஏறினால் ஏழு முப்பத்தைந்துக்கு இறங்கிவிடலாம். மழை நாளில் ஏழு ஐம்பது ஆகும். இதை நினைவிலிருந்து சொல்லவில்லை. வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். பார்த்துத்தான் சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது கண்டோன்மென்ட் பகுதியில் இருந்த அந்த விடுதியில் இருபத்திரண்டு அறைகள். அறை வேண்டுமென்று கடிதம் எழுதுவார்கள்; அவசரம் என்றால் தந்தி. குதிரைப் பந்தயக் காலத்தில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஆண்டுக்காண்டு அதே அறையைக் கேட்பார்கள். பட்டு வாங்க வருகிறவர்கள், விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கண் சிவந்து திரும்பும் பெற்றோர்கள், தேவாலயக் கல்யாணத்துக்கு வரும் உறவினர் கூட்டம் என்று ஆண்டு முழுவதும் ஒரு ஒழுங்கில் போகும். பிறகு ஃபேக்ஸ் வந்தது. கணினி நிறுவனங்களின் வெளிநாட்டு விருந்தினர்கள் வந்தார்கள். அவர்களுக்காகக் குளியலறைகளை இடித்துக் கட்டினோம், காலையுணவில் இட்லிக்குப் பக்கத்தில் ரொட்டி சுடும் இயந்திரம் வைத்தோம். விமான நிலையம் ஊருக்கு வடக்கே வெகுதூரம் போனதும் அவர்களும் அந்தப் பக்கத்துப் பெரிய ஓட்டல்களுக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியவர்கள் மருத்துவமனைகளுக்கு வருகிறவர்கள். கடைசியாகச் செல்பேசியில் நட்சத்திரம் போடுகிறவர்கள் வந்தார்கள். துண்டு ஈரமாக இருந்தது என்று நேரில் சொல்லாமல் ஊருக்குப் போய் எழுதுவார்கள்.

இத்தனை மாற்றத்திலும் மாறாதது மேசைக்கு அடியில் இருந்த மரப்பெட்டி. அதில் கெஸ்ட் கார்டுகள் இருக்கும். இரண்டாம் முறை வருகிற ஒவ்வொருவருக்கும் அஞ்சலட்டை அளவில் ஒரு கார்டு. மேலே பெயர், ஊர், தொழில். கீழே அவருக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகாது என்ற விவரம். ‘தெருப்பக்கத்து அறை வேண்டாம்.’ ‘மெல்லிய தலையணை ஒன்று, அதற்கு மேல் கனமானது ஒன்று.’ ‘மாடிப்படி ஏற முடியும் என்பார், முடியாது, தரைத்தளம் கொடுக்கவும்.’ ‘மகனைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.’ கணினி வந்தபோது அதிலும் இதற்கு ஒரு கட்டம் இருந்தது. நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது. ஆகவே கார்டுகள் தொடர்ந்தன. பெரும்பாலானவை என் கையெழுத்து. கூட்டெழுத்தாக இல்லாமல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். புதிதாகச் சேர்கிறவர்களும் தடையில்லாமல் படிப்பார்கள்.

கார்டைக் கிழிப்பதற்கு ஒரு முறை இருந்தது. விருந்தினர் இறந்த செய்தி வந்தாலோ, நான்கு ஆண்டுகள் வராமல் இருந்தாலோ அவருடைய கார்டைக் கிழிக்க வேண்டும். ஒருவர் கிழிப்பார், ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். இருவரும் ஒரு நோட்டில் கையெழுத்திடுவார்கள். கார்டு வெளியே போகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நான் சேர்ந்த காலத்து மேலாளர் வைத்த வழக்கம். அவர் போன பிறகும் நாங்கள் விடவில்லை. நாங்கள் என்றால் நானும் அவளும்.

அவள் அறைப் பராமரிப்பின் மேற்பார்வையாளர். லிங்கராஜபுரத்துக்காரி, என்னைவிட ஒரு வயது பெரியவள், எனக்குப் பதினான்கு மாதங்கள் பிறகு சேர்ந்தவள். நான் எழுதுவேன், அவள் செய்வாள். மெல்லிய தலையணை என்று நான் எழுதினால் அதைத் தேடிக் கொண்டுவந்து போடுகிறவள் அவள். தேவாலயத்தில் என் மகள் முதல் நற்கருணை வாங்கிய நாளுக்கு வெள்ளை உடை தைத்துக் கொடுத்தாள். அவளுடைய கணவர் இறந்தபோது மூன்று நாள் அவள் வீட்டில்தான் நான் இருந்தேன்.

விடுதியில் எனக்கு மறக்கவே முடியாத விருந்தினர் ஒருவர் உண்டு. திருப்பத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அதன் பிறகு ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குத் தனியாக வருவார், ஓர் இரவு தங்குவார். முதல் முறை வந்தபோது சாவியை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்து, தனியாகப் பேச வேண்டும் என்றார். மேசைக்குப் பின்னால் இருந்த சிறு அறைக்கு அழைத்துப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். அறுவைக்குப் பிறகு தூக்கத்தில் சிறுநீர் போய்விடுகிறது என்று சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது. எழுநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். மகளுக்குக்கூடத் தெரியாது என்றார்.

இரண்டாம் முறை வரட்டும் என்று காத்திருக்காமல் அன்று மாலையே கார்டு எழுதினேன். விடுதியில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். பொருள் இது: ‘ஒன்பதாம் அறை. ரப்பர் விரிப்பு போடவும். மேலே சாதாரண விரிப்பு இரண்டு. காலை ஆறரைக்குள் மாற்ற வேண்டும். மேற்பார்வையாளர் மட்டும் போக வேண்டும். விருந்தினர் மிகவும் கூச்சப்படுகிறார். எதுவும் பேச வேண்டாம்.’ அவள் அப்படியே செய்தாள். ஏழு முறை வந்தார். ஏழு முறையும் அவளே துணியை எடுத்தாள், அவளே அலசினாள். சலவைக்காரர்களிடம்கூடக் கொடுக்கவில்லை.

பிறகு உரிமையாளர்கள் விடுதியை வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு விற்றார்கள். புதுப்பிக்க வேண்டும் என்று மூடினார்கள். எங்கள் எல்லோரையும் அனுப்பினார்கள். கடைசி நாளில் பெட்டியில் மீதமிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு கார்டுகளையும் கிழித்துவிடுவது என்று நானும் அவளும் பேசி வைத்திருந்தோம். அன்றைக்கென்று என் கணவருக்குக் கண் அறுவை வந்தது. மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் கேட்டேன்.

“எல்லாம் கிழிச்சாச்சு மா. நீ அங்க அண்ணனுக்கு மருந்து ஊத்துற வேலையப் பாரு” என்றாள்.

நாட்குறிப்பில் எழுதினேன்: ‘மாலை 4.10. கார்டுகள் அனைத்தும் கிழிக்கப்பட்டன.’ தொலைபேசியில் கேட்டது என்றுகூட நான் எழுதவில்லை. பக்கத்தில் நின்று பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது என்று இருபத்தொன்பது ஆண்டுகள் மற்றவர்களுக்குச் சொன்னவள், அவள் சொன்னதால் பார்த்ததாகவே எழுதிவிட்டேன்.

பதினாறு மாதங்கள் கழித்து விடுதி பாரம்பரிய விடுதியாகத் திறந்தது. அவளை மட்டும் திரும்ப எடுத்திருந்தார்கள். என்ன வேலை என்று கேட்டதற்கு, “சும்மா, வர்றவங்ககிட்ட பேசற வேல” என்றாள். எனக்குச் சிறிது வலித்தது. சிறிது என்றுதான் அன்றைக்கு எழுதியிருக்கிறேன்.

போன மாதம், ஒரு புதன்கிழமை, நான் முன்பு கொடுத்திருந்த எண்ணுக்குத் தலைமை ஆசிரியை பேசினார். ஓய்வு பெற்றுவிட்டாராம். “உங்க ஓட்டல் மறுபடியும் தெறந்துட்டாங்களாமே. பொண்ணு போன்லயே ரூம் போட்டுட்டா. செவ்வாய்க்கெழம வரேன். நீங்க இருப்பீங்கல்ல?” என்று கேட்டார். நான் இப்போது அங்கே இல்லை என்று சொன்னேன். “அப்ப யாருகிட்ட சொல்றது?” என்றார். “உங்க ரூமப் பாத்துக்கிட்டவங்க இருக்காங்க டீச்சர். நான் போயி சொல்லி வைக்கறேன்” என்றதும் அவர் குரல் தெளிந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்குப் போனேன். வாசலில் புதிய காவலாளி கன்னடத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன். கூடத்தின் இடதுபக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி போட்டு, விளக்கு வைத்து, விருந்தோம்பலின் வரலாறு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு படை அதிகாரியின் மாளிகையாகத் தொடங்கிய கட்டடம் என்று முதல் பலகை சொன்னது. ரொட்டிக்கடை நடத்திய ஒருவர் மேல்மாடியில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விட்டதுதான் தொடக்கம் என்பது அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதற்காக நான் வருத்தப்படவில்லை. வந்தவர்களுக்கு ஒரு மாளிகை வேண்டியிருக்கிறது. அடுத்து பழைய சாவிகள், தந்தி ஒன்று, ஃபேக்ஸ் தாள் ஒன்று, ரொட்டி சுடும் இயந்திரம். எங்கள் வாழ்நாள் அங்கே ஏழு அடி நீளத்துக்கு இருந்தது. அதற்கடுத்து என் கையெழுத்து.

இருபது, இருபத்தைந்து கார்டுகள் இருக்கும். நடுவில் இருந்தது ஒன்பதாம் அறை. பெயரின் மேல் கறுப்புப் பட்டை. ஊர் தெரிந்தது. தலைமை ஆசிரியை என்ற தொழிலும் தெரிந்தது. கீழே ரப்பர் விரிப்பிலிருந்து கூச்சம் வரை எல்லாம் தெரிந்தது. கார்டுக்கு அடியில், ‘சொல்லாமலே புரிந்துகொண்ட காலம்’ என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தார்கள்.

அவள் மைசூர் பட்டும் மல்லிகையுமாக உள்ளேயிருந்து வந்தாள். மார்பில் ஹெரிடேஜ் ஹோஸ்ட் என்ற வில்லை.

“வா மா. இப்பதான் வழி தெரிஞ்சுதா? மெலிஞ்சுட்ட.”

“கார்டெல்லாம் கிழிச்சன்னு சொன்ன.”

“வந்ததும் வராததுமா ஆரமிச்சுட்டியா. டீ குடிக்கிறியா?”

“கிழிச்சன்னு சொன்ன.”

அவள் சுவரைப் பார்த்தாள். “கிழிக்கத்தான் உக்காந்தேன். பத்து கிழிச்சிருப்பேன். கம்பெனிலருந்து ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு. இன்னா ஆன்ட்டி இதுன்னு கேட்டுச்சு. ரெண்டு படிச்சுக் காட்டுனேன். அதுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நாலாம் நாள் போன் வருது, பெட்டியோட வாங்க, வேல போட்டுத் தரோம்னு.”

“பெட்டியோட.”

“ஆமா, பெட்டியோடதான். ஒன்ன ஏன் கூப்டலன்னு கேக்கறியா?”

“நான் அதக் கேக்கல.”

“வாயால கேக்கல.”

அவள் சொன்னது சரி. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஒன்பதாம் அறைக் கார்டைக் காட்டினேன்.

“பேரு மறைச்சிருக்குல்ல?” என்றாள்.

“திருப்பத்தூரு, ஹெட்மிஸ்ட்ரஸு. இன்னும் இன்னா மறைஞ்சிருக்கு?”

“அவங்க ஊர்க்காரங்க இங்க வந்து நின்னு படிக்கப் போறாங்களா? பாம்பேக்காரனும் டெல்லிக்காரனும் பாக்கறான், போட்டோ எடுக்கறான், போறான்.”

“அவங்களே வராங்க. செவ்வாக்கெழம.”

அவள் கை தானாக மார்பில் இருந்த வில்லையைத் தொட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இன்னாவோ நீ மட்டும் காப்பாத்துன மாதிரி பேசற. நீ எழுதுன. ஈரத் துணிய எடுத்தது யாரு? கொடல் பொரட்டும், மூக்கப் புடிச்சிட்டு அலசுனது யாரு? ஒனக்கு வீட்ல ஆம்பள இருக்காரு, கரண்ட் ஆபீஸ் வேல. எனக்கு இன்னா இருந்துச்சு? அந்தப் பெட்டிதான்.”

“எல்லாம் சரி. இது ஒண்ண எடுத்துடு.”

“எடுத்துடறேன். மேனேஜர்கிட்ட சொல்லி திங்கக்கெழமைக்குள்ள எடுத்துடறேன். போதுமா?”

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவளே பேசினாள். “எடுத்தாச்சு மா. நிம்மதியா இரு.”

இந்த முறை நான் போய்ப் பார்த்தேன். மாலை நாலேகாலுக்குப் போனபோது கூடத்தில் தேநீர் நேரம். சுற்றுலா வந்தவர்கள் ஒன்பது பேர் பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் சுவருக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கார்டு அதே இடத்தில் இருந்தது. அவள் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தக் கார்டைத்தான்.

தலைமை ஆசிரியை ஒருவர் ஒரு நாள் வந்து அவளிடம் கதவைச் சாத்தச் சொன்னாராம். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாராம். அந்த அறைக்குள் இருந்தது நானும் ஆசிரியையும் மட்டுமே. அன்று மாலை அவளிடம் நான் சொன்னதை அவள் அட்சரம் பிசகாமல் வைத்திருந்தாள். எனக்குப் பதில் தன்னை வைத்துக்கொண்டாள். எழுநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவர் என்று சொல்லி, பிறகு கொஞ்சம் நிறுத்தி, ரப்பர் விரிப்பு என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பரிவோடு, மெதுவாக, தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். கதையை நிறுத்தவில்லை. குரல்கூட மாறவில்லை.

மேலாளரைப் பார்த்தேன். மரியாதையான இளைஞர்; எழுந்து நின்று பேசினார். பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது என்றார். கார்டுகள் விடுதியோடு சேர்த்து வாங்கிய பொருள்கள் என்றார். “அந்தக் கார்ட எடுக்கச் சொல்லி யாரும் எங்கிட்ட கேக்கலையே மேடம். அதத்தான் எல்லாரும் அதிகமா போட்டோ எடுக்கறாங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆசிரியையின் எண்ணுக்குப் பேசினேன். மகள் எடுத்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். என்னவென்று சொல்வது? எந்த வண்டி என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கண்டோன்மென்ட் நிலையத்துக்கு வண்டி இருபது நிமிடம் தாமதமாக வந்தது. அவர் ஒரு துணிப்பையும் மருத்துவமனைக் கோப்புமாக இறங்கினார். முடி முழுவதும் வெளுத்திருந்தது.

“எதுக்குங்க ஸ்டேஷனுக்கெல்லாம்? நான் ஆட்டோ புடிச்சு வந்திருக்க மாட்டேனா?”

“ஒரு நிமிஷம் உக்காருங்க டீச்சர்.”

நடைமேடை இருக்கையில் உட்கார வைத்து, எதையும் விடாமல், நடந்த வரிசைப்படி சொன்னேன். என்னை நம்பியவரிடம் இன்னொருத்தியின் துரோகத்தைச் சொல்லப் போகிறேன் என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்திருந்தேன். நான் முடித்த பிறகும் அவர் கோப்பின் நாடாவை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“கார்டுன்னா?” என்றார்.

“ஒவ்வொரு கெஸ்டுக்கும் ஒண்ணு இருக்கும் டீச்சர். யாருக்கு என்ன வேணும்னு.”

“அதுல எழுதுனது யாரு?”

“நான்தான்.”

“நான் கதவச் சாத்தச் சொல்லிட்டு உங்ககிட்ட சொன்னேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“சொன்னேன். எழுதச் சொல்லலையே.”

நான் விடுப்பில் இருக்கும் நாளில் அவர் வந்தால் வேலை நடக்க வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பல ஆண்டுகள் அதை நான் என் திறமையாக நினைத்திருக்கிறேன்.

“நீங்க இல்லன்னா நான் பாத்துக்கிட்டிருப்பேன்” என்றார். “அந்தப் பெட்டி எங்க இருக்கும்?”

“ரிசப்ஷன் மேசைக்கு அடியில.”

“மேசைல ஒக்காறவங்க எல்லாரும் பாக்கலாமா?”

“ஷிஃப்டுல இருக்கறவங்க பாப்பாங்க.”

“அப்ப குட்மார்னிங் டீச்சர்னு சொல்லி எனக்குக் கதவத் தெறந்து விட்டாங்களே, அந்தப் பொண்ணுங்க. அவங்களுக்கும் தெரியும்.”

“தெரியும்.”

அவர் தலையசைத்தார். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. விடைத்தாளில் ஒரு தவற்றைக் கண்டு, அதே தவறு முன்பக்கங்களிலும் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறவரைப் போல இருந்தது அவர் முகம். ஏழு வருகைகளையும் அவர் மனத்தில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

விடுதிக்குப் போக வேண்டாம், என் வீட்டில் தங்கலாம் என்றேன். மருத்துவமனைக்கு எதிரில் லாட்ஜ்கள் இருக்கும், அங்கே பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரப்பர் விரிப்புக்கு என்ன செய்வார் என்று நான் யோசித்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். துணிப்பையைத் தட்டிக் காட்டினார்.

“ஷீட்டு எப்பவும் கொண்டாருவேங்க. நீங்க போட்டு வெச்சதால வெளிய எடுத்ததில்ல.”

நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி அந்தக் கார்டை எடுக்க வைக்கிறேன் என்றேன்.

“வேணாம். யாருதுன்னு கேப்பாங்க. என் பேரச் சொல்லித்தான எழுதணும்.”

பையைத் தூக்க நான் கை நீட்டினேன். அவர் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். கோபமாக அல்ல, பாரம் மாற்றுகிறவரைப் போலவே மாற்றினார். வெளியே ஆட்டோக்காரரிடம் மருத்துவமனையின் பெயரைச் சொல்லி ஏறி உட்கார்ந்தார். “நீங்க நேர்ல வந்து சொன்னது நல்லது” என்றார். ஒரு தலைமை ஆசிரியை பெற்றோரை அனுப்பி வைக்கும் குரல் அது.

அடுத்த ஆண்டு வருவீர்களா, எங்கே தங்குவீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால், அதையும் நான் எங்காவது எழுதி வைத்துக்கொள்வேன் என்று அவர் நினைத்திருப்பார்.